கேஸ்லிங் எந்தப் பக்கம்? தோல்வியின் அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழி

சதுரங்க விதிகள் தெரிந்து, ஓரளவு ஓப்பனிங்கும் (தொடக்க நகர்வுகள்) படித்து, கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்த பிறகு அடி வாங்குபவர்களுக்கான குறிப்பு இது. ஆட்டம் எப்படிக் கெட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பொருந்தும் தலைப்பைப் பார்த்துப் படித்தால் போதும். மூலையில் நிற்பதை யானை என்றும், சாய்வாக நகர்வதை பிஷப் என்றும் எழுதியிருக்கிறோம். கட்டங்கள் ஏ1 முதல் எச்8 வரை; எழுத்து நெட்டு வரிசையை (ஃபைல்), எண் குறுக்கு வரிசையைக் குறிக்கும். × என்றால் வெட்டு, + என்றால் செக். காய்ப் பெயர் இல்லாத நகர்வு சிப்பாயுடையது. எண்ணுக்குப் பின் '...' வந்தால் கறுப்பின் நகர்வு. ராஜா பக்கக் கேஸ்லிங் 0-0, ராணி பக்கம் 0-0-0. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் வெள்ளையின் பக்கமிருந்து பார்க்கிறோம்.

எந்தப் பக்கம் என்று யோசிக்கும்போது பலரும் "எங்கே பாதுகாப்பு?" என்று மட்டும் கேட்கிறார்கள். கூடவே "இந்த ஆட்டத்தில் எந்தச் சிப்பாய்களை நான் தள்ளப் போகிறேன்?" என்றும் கேட்க வேண்டும். தள்ளப்போகும் சிப்பாய்களுக்குப் பின்னால் ராஜாவை வைத்தால் இரண்டு வேலையும் கெடும். கீழே வரும் பிழைகளில் சில இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

இரண்டு பக்கத்துக்கும் ஆகும் செலவு

0-0 செய்ய குதிரை, பிஷப் இரண்டையும் நகர்த்தினால் போதும். ஜி1-இல் நிற்கும் ராஜா எஃப்2, ஜி2, எச்2 மூன்றையும் தானே காக்கிறது. ஆனால் எஃப்1-க்கு வந்த யானைக்கு அங்கே பெரும்பாலும் வேலை இருக்காது. ஈ1-க்கோ டி1-க்கோ போக இன்னொரு நகர்வு ஆகும்.

0-0-0 செய்ய ராணியையும் சேர்த்து மூன்று காய்கள் விலக வேண்டும். யானை நேராக டி1-இல் வந்து உட்காருவது லாபம். ஆனால் சி1 ராஜா பி2, சி2, டி2-வைத்தான் காக்கும். ஏ2 சிப்பாய் அனாதை. அதைக் காக்க ராஜா பி1-க்குப் போக வேண்டும். அதற்கும் ஒரு நகர்வு. ஆக, 'நீளக் கேஸ்லிங் மெதுவானது' என்பது பாதி உண்மைதான்.

அறிகுறி 1: கேஸ்லிங் செய்த உடனேயே தாக்குதல் பாய்கிறது

எதிராளியின் காய்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்று பார்க்காமல் அதே பக்கம் ராஜாவை அனுப்பியிருப்பீர்கள். ஃப்ரெஞ்ச் டிஃபென்ஸில் கறுப்பு ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

1.ஈ4 ஈ6 2.டி4 டி5 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.ஈ5 குதிரை எஃப்-டி7 5.குதிரை எஃப்3 பிஷப் பி4 6.பிஷப் டி3. இங்கே கறுப்பு 0-0 செய்தால் என்ன ஆகும் என்று பலகையில் வைத்துப் பாருங்கள். எச்7-ஐக் காக்க வேண்டிய குதிரையை ஈ5 சிப்பாய் ஏற்கெனவே விரட்டிவிட்டது. டி3 பிஷப் எச்7-ஐப் பார்க்கிறது. எஃப்3 குதிரை ஜி5-க்குத் தயார். அது நகர்ந்ததும் ராணிக்கு டி1-இலிருந்து எச்5 வரை வழி திறக்கும். 7.பிஷப்×எச்7+ ராஜா×எச்7 8.குதிரை ஜி5+. ராஜா ஜி8-க்குத் திரும்பினால் 9.ராணி எச்5 வந்து எச்7-இல் மேட் மிரட்டல். 9...யானை ஈ8 என்று வழி விட்டால் 10.ராணி×எஃப்7+ ராஜா எச்8 11.ராணி எச்5+ ராஜா ஜி8 12.ராணி எச்7+ ராஜா எஃப்8 13.ராணி எச்8+ ராஜா ஈ7 14.ராணி×ஜி7 மேட். எட்டாவது நகர்வில் ராஜா எச்6-க்குப் போனால் குதிரை ஈ6-ஐ வெட்டும். சி1 பிஷப்பின் செக் திறக்கும், ராணியும் போகும். ஜி6-க்குப் போவதுதான் கொஞ்சமாவது எதிர்த்து நிற்கும் வழி. அங்கேயும் வெள்ளை ராணி ஜி4-க்கு வந்து துரத்தும். ராணியைக் கொடுத்து ஜி5 குதிரையை வெட்டினால் ராணிக்கு ஈடாக இரண்டு சிறு காய்கள்தான் (பிஷப், குதிரை) கிடைக்கும்.

கேஸ்லிங்குக்கு முன் பார்க்க வேண்டியவை: உங்கள் எஃப்6 குதிரை (வெள்ளையாக இருந்தால் எஃப்3) இடத்தில் இருக்கிறதா? எதிராளியின் பிஷப் எச்7-ஐப் பார்க்கிறதா? ராணி இரண்டே நகர்வில் எச் ஃபைலுக்கு வர முடியுமா? மூன்றுக்கும் பதில் சாதகமில்லை என்றால் கேஸ்லிங்கைத் தள்ளிப்போடுங்கள். முதலில் சி5 தள்ளி சென்டரை உடையுங்கள், அல்லது பி6 ஆடி பிஷப்பை ஏ6-க்குக் கொண்டுவந்து அந்த டி3 பிஷப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பிஷப் போய்விட்டால் அதே கட்டம் வீடு மாதிரி பத்திரமாகிவிடும்.

எச்6 முன்கூட்டியே ஆடி வைப்பதைத் தீர்வாக நினைக்காதீர்கள். அது ஏன் என்று அறிகுறி 3-இல் வரும்.

அறிகுறி 2: முதலில் கேஸ்லிங் செய்தது நான், ஆனாலும் எதிராளியின் சிப்பாய்கள் ஓடி வருகின்றன

எதிராளி இன்னும் எந்தப் பக்கமும் போகவில்லை. நீங்கள் 0-0 செய்துவிட்டு, அவர் குதிரையை பிஷப் ஜி5 ஆடிக் கட்டிப்போடுகிறீர்கள். பிழை இங்கேதான். அவர் எச்6, ஜி5 என்று தள்ளி பிஷப்பை விரட்டலாம். அவருடைய ராஜா அந்தப் பக்கம் இல்லாததால் சிப்பாய்களைத் தள்ளுவதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

1874-இல் க்னோரே வெள்ளையாக, சிகோரினுக்கு எதிராக ஆடியது இதற்குப் பாடமாகவே ஆகிவிட்டது. 1.ஈ4 ஈ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 பிஷப் சி5 4.0-0 குதிரை எஃப்6 5.டி3 டி6 6.பிஷப் ஜி5 எச்6 7.பிஷப் எச்4 ஜி5 8.பிஷப் ஜி3 எச்5. வெள்ளை ஆசைப்பட்டு 9.குதிரை×ஜி5 வெட்ட, 9...எச்4. அடுத்து 10.குதிரை×எஃப்7 வந்து ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டுகிறது. சிகோரின் ராணியைப் பற்றிக் கவலையே படாமல் 10...எச்×ஜி3 வெட்டினார். 11.குதிரை×டி8 பிஷப் ஜி4 12.ராணி டி2 குதிரை டி4 13.குதிரை சி3 குதிரை எஃப்3+ 14.ஜி×எஃப்3 பிஷப்×எஃப்3. அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஜி3 சிப்பாய் எச்2-ஐ வெட்டினால் மேட். வெள்ளை அதை முந்தி எச்×ஜி3 வெட்டினால் யானை எச்1-இல் மேட்.

சரி செய்வது சுலபம். இத்தாலியன் (மேலே உள்ள ஆட்டத்தின் தொடக்கம்) போன்ற அமைப்புகளில், எதிராளி 0-0 செய்த பிறகுதான் பிஷப் ஜி5 ஆட வேண்டும். அப்போது அவர் ஜி5 தள்ளினால் குதிரையை அங்கே பலி கொடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு வரும். அவர் காத்திருக்கிறார் என்றால் நீங்களும் சி3, யானை ஈ1 போன்ற பயனுள்ள நகர்வுகளை ஆடிக்கொண்டிருங்கள். கறுப்பு ஆடும்போது பிஷப் ஜி4-க்கும் இதே கணக்குதான்.

அறிகுறி 3: எதிரெதிர்ப் பக்கம் கேஸ்லிங் செய்தால் எப்போதும் ஒரு நகர்வு பின்தங்குகிறேன்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் போனால் ஆட்டம் ஓட்டப் பந்தயம். பந்தயத்துக்கு முன் தூரத்தை அளக்காமல் ஓடுவதுதான் பிரச்சினை.

அளப்பது இப்படி. எதிராளியின் ராஜாவுக்கு முன்னால் உள்ள மூன்று சிப்பாய்களில் ஏதாவது ஒன்று நகர்ந்திருக்கிறதா? நகர்ந்த சிப்பாய்தான் உங்களுக்குக் கொக்கி. அவர் ஜி6 ஆடியிருந்தால் எச்4, எச்5, எச்×ஜி6 என்று மூன்று நகர்வில் எச் ஃபைல் திறக்கும். எச்6 ஆடியிருந்தால் ஜி4, ஜி5, ஜி×எச்6. அதுவும் மூன்று. மூன்றும் இடத்தை விட்டு அசையாமல் இருந்தால்? எச்4, எச்5, எச்6 தள்ளுகிறீர்கள். அவர் ஜி6 ஆடிப் பூட்டிவிடுவார். மூன்று நகர்வு போச்சு, ஒரு ஃபைலும் திறக்கவில்லை. கொக்கி இல்லாத ராஜாவை நோக்கி சிப்பாய்களை ஓட்டப் போகிறோம் என்று நினைத்து 0-0-0 செய்பவர்கள் தோற்பது இங்கேதான். 'காற்றுக்கு' (ராஜா தப்ப ஒரு கட்டம்) என்று சொல்லி எச்6 ஆடி வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பிறகு அவருக்கு எத்தனை நகர்வு வேண்டும் என்று எண்ணுங்கள். இங்கே சிப்பாய்களை மட்டும் எண்ணினால் ஏமாறுவீர்கள். ஏற்கெனவே திறந்த ஃபைல் இருந்தால் அவருக்குச் சிப்பாயே தேவையில்லை.

சிசிலியன் டிராகனில் இது கண்ணெதிரே தெரியும். 1.ஈ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4 சி×டி4 4.குதிரை×டி4 குதிரை எஃப்6 5.குதிரை சி3 ஜி6 6.பிஷப் ஈ3 பிஷப் ஜி7 7.எஃப்3 0-0 8.ராணி டி2 குதிரை சி6 9.பிஷப் சி4 பிஷப் டி7 10.0-0-0. வெள்ளைக்கு ஜி6 என்ற கொக்கி இருக்கிறது. எச்4-எச்5 தள்ளி, பிஷப் எச்6 ஆடி ஜி7 பிஷப்பை மாற்றிக்கொண்டால் கறுப்பு ராஜாவின் காவல்காரன் போய்விடுவான். கறுப்புக்கோ சி ஃபைல் பிறந்ததிலிருந்தே திறந்து கிடக்கிறது. யானை சி8, குதிரை ஈ5, குதிரை சி4. அதற்குப் பிறகு யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டினால் வெள்ளை ராஜாவின் முன்பக்கச் சுவர் உடையும். பொருள் கணக்கில் நஷ்டம், ஆட்டத்தில் பெரும்பாலும் லாபம்.

கறுப்பு ஆடுபவர் இங்கே ஒரு நகர்வு வாங்க விரும்பினால் 10...யானை சி8 11.பிஷப் பி3 குதிரை ஈ5 12.எச்4 எச்5 என்று நேருக்கு நேர் நிறுத்துவது வழக்கம். இனி எச்5 தள்ளித் திறக்க முடியாது. வெள்ளை ஜி4 தள்ளி ஒரு சிப்பாயைப் பலியிட வேண்டும். தன் ராஜாவுக்கு முன்னால் சிப்பாயை நகர்த்துவது நியாயமாகும் இடங்களில் இது ஒன்று.

பந்தயத்தில் செய்யக் கூடாதவை இரண்டு. எதிராளி ஒரு சிப்பாயைத் தள்ளும்போதெல்லாம் பயந்து உங்கள் ராஜாவுக்கு முன்னால் பதில் சிப்பாய் நகர்த்துவது ஒன்று. அது அவருக்குக் கொக்கி கொடுப்பது. ராணிகளை மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தும் பின்தங்கியவர் அதை விடுவது மற்றொன்று. எண்ணிப் பார்த்ததில் ஒரு நகர்வு குறைகிறது என்றால் ராணிகளை மாற்றுங்கள். பந்தயமே நின்றுவிடும்.

காரோ-கான் (1.ஈ4-க்கு 1...சி6 என்று பதில் தரும் தொடக்கம்) ஆடுபவர்கள் கவனிக்க: 4...பிஷப் எஃப்5 கிளையில் வெள்ளை எச்4-எச்5 தள்ளி பிஷப்பை எச்7-க்கு விரட்டும்போது நீங்கள் எச்6 ஆடியே ஆக வேண்டியிருக்கிறது. கொக்கி தானாக உருவாகிறது. அதனால் முன்பெல்லாம் கறுப்பு ராணி சி7, 0-0-0 என்று போவது வழக்கம். இப்போது துணிந்து 0-0 செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஜி4-ஜி5 வருவதற்குள் சி5 தள்ளி சென்டரைத் திறக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பழைய பாதையே நல்லது.

அறிகுறி 4: 0-0-0 செய்தால் ஏ2 போகிறது, அல்லது செக் மேல் செக் விழுகிறது

ஏ2-வைப் பெரும்பாலும் சி3 குதிரையின் பின்னால் ஒளித்து வைத்திருப்போம். குதிரை நகர்ந்ததும் ஏ5-இல் இருக்கும் ராணி பாய்ந்து வெட்டும். ராஜா பி1 ஆடுவதுதான் மருந்து. இந்த நகர்வுக்கு இன்னொரு பலனும் உண்டு. டிராகன் மாதிரி அமைப்பில் கறுப்பு ராணி ஏ5-இல், உங்கள் ராணி டி2-இல், கறுப்பு ராஜா ஜி8-இல் என்று வையுங்கள். ராஜா பி1-இல் இருந்தால் குதிரை டி5 ஒரு பொறி. அவர் ராணி×டி2 வெட்டினால் நீங்கள் உடனே திருப்பி வெட்டாமல் முதலில் குதிரை×ஈ7+ செக் கொடுத்து ஒரு சிப்பாயை வாங்கிக்கொண்டு, பிறகு யானையால் டி2-வை வெட்டலாம். ராஜா சி1-இலேயே இருந்தால் அவருடைய ராணி×டி2 செக்கோடு விழும், இந்த வித்தை நடக்காது.

கறுப்பு பிஷப் எஃப்5-இல் நின்று, பி1 வரை டயகனல் (சாய்வு வரிசை) திறந்திருந்தால் மட்டும் பி1-க்குப் போகாதீர்கள். நேராகப் போய்க் குறியில் நிற்பதாகிவிடும்.

செக்குகள் வருவதற்கு வேறு காரணங்கள். சி சிப்பாயை சி4-க்குத் தள்ளிய பிறகு 0-0-0 செய்தால் ராஜாவுக்கு முன் கதவே இல்லை. டி4 ஓப்பனிங் ஆடுபவர்கள் நீளக் கேஸ்லிங்கைக் குறைவாகச் செய்வதற்கு இது முக்கியக் காரணம். சி×டி5 மாற்றம் நடந்து சி ஃபைல் பாதி திறந்திருந்தாலும் ஆபத்து உண்டு. ஆனால் அங்கே கறுப்பின் சி6 சிப்பாய் அவருடைய யானைக்கே தடையாக இருப்பதால் சமாளிக்கலாம். மறுபக்கம் எஃப்4 தள்ளியிருந்தால் 0-0 செய்த ராஜாவுக்கு ஏ7-ஜி1 டயகனல் தொல்லை. ராணி பி6+ எப்போதும் இருக்கும். எஃப்4 ஆடிவிட்டு 0-0 செய்தால் ராஜாவை எச்1-க்கு நகர்த்தும் ஒரு நகர்வையும் கணக்கில் சேருங்கள்.

அறிகுறி 5: இரண்டு பக்கமும் மோசம், முடிவு எடுக்க முடியவில்லை

முடிவு எடுக்காமல் இருப்பதும் ஒரு வழி. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: ஈ ஃபைல், டி ஃபைல் இரண்டும் மூடியிருக்க வேண்டும். ஈ5-ஈ6-டி4-டி5 போலச் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றால் ராஜா ஐந்தாறு நகர்வு நடுவில் இருக்கலாம். எதிராளிக்கு எங்கே தாக்குவது என்றே தெரியாது. ஈ ஃபைல் திறக்க ஒரே ஒரு சிப்பாய் மாற்றம் பாக்கி என்றால் உடனே ஒரு பக்கம் போங்கள், அது இரண்டாம்தரப் பக்கமாக இருந்தாலும்.

ஃப்ரெஞ்ச் வினாவரில் கறுப்பு இதைத்தான் செய்கிறது. 1.ஈ4 ஈ6 2.டி4 டி5 3.குதிரை சி3 பிஷப் பி4 4.ஈ5 சி5 5.ஏ3 பிஷப்×சி3+ 6.பி×சி3 குதிரை ஈ7 7.ராணி ஜி4 ராணி சி7. ராஜா பக்கச் சிப்பாய்கள் இரண்டையும் விட்டுக்கொடுத்து, 8.ராணி×ஜி7 யானை ஜி8 9.ராணி×எச்7 சி×டி4 என்று சென்டரைப் பிடித்து, பிஷப் டி7, 0-0-0 என்று போகிறது. ராஜா பக்கம் ஜி, எச் சிப்பாய்கள் இல்லை என்பதால் எங்கே போவது என்ற குழப்பமும் இல்லை.

ராணிகள் பலகையை விட்டுப் போய்விட்டால் கேஸ்லிங் இல்லாமலேயே பிழைக்கலாம். கறுப்பின் ஒரு தொடக்கமான பெர்லின் டிஃபென்ஸில் எட்டாவது நகர்வில் கறுப்பு ராஜா டி8-இல் ராணியை வெட்டி கேஸ்லிங் உரிமையை இழக்கிறது. 2000-இல் லண்டனில் க்ராம்னிக் இதைக் கையில் எடுத்தார். காஸ்பரோவால் அந்த உலகப் பட்டப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 2013-இல் சென்னையில் ஆனந்த் - கார்ல்சன் போட்டியின் 4-ஆம் ஆட்டமும் இதே அமைப்புதான். கார்ல்சன் கேஸ்லிங் இல்லாத ராஜாவோடு பிஷப்பால் ஏ2 சிப்பாயையும் வெட்டி எடுத்தார். 64 நகர்வு ஓடி டிரா ஆனது.

உரிமையைக் கடைசி வரை வைத்திருந்தால் சில சமயம் பரிசும் கிடைக்கும். 1934-இல் பெல்ஜியத்தில் ஃபோயர் - ஓகெல்லி ஆட்டத்தில் கறுப்பு யானை பி2 சிப்பாயை வெட்டி உட்கார்ந்திருந்தது. வெள்ளை டி ஃபைலைத் திறந்து, ராணிகளை டி8-இல் மாற்றி, கறுப்பு ராஜாவை அங்கே இழுத்தபின் 0-0-0+ ஆடியது. யானை செக் கொடுக்கிறது, சி1-க்கு வந்த ராஜா பி2 யானையை மிரட்டுகிறது. ஒரே நகர்வில் யானை கிடைத்தது.

அறிகுறி 6: கேஸ்லிங் செய்யவே விடமாட்டேன் என்கிறார்

எஃப்1 அல்லது எஃப்8 கட்டத்தை ஒரு பிஷப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏ3-இலிருந்து வெள்ளை பிஷப் எஃப்8-ஐப் பார்ப்பது எவன்ஸ் கேம்பிட்டில் (வெள்ளை ஒரு சிப்பாயைப் பலியிடும் தொடக்கம்) சகஜம். வழியில் டி6 போட்டு மறையுங்கள், அல்லது அந்த பிஷப்பை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாவிட்டால் கையாலேயே கேஸ்லிங் செய்யலாம், அதாவது ராஜாவைச் சாதாரண நகர்வுகளால் நடத்திப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

பென்கோ கேம்பிட்டில் வெள்ளை இதைத் திட்டமிட்டே செய்கிறது. 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 சி5 3.டி5 பி5 4.சி×பி5 ஏ6 5.பி×ஏ6 ஜி6 6.குதிரை சி3 பிஷப்×ஏ6 7.ஈ4 பிஷப்×எஃப்1 8.ராஜா×எஃப்1. உரிமை போனது. ஆனால் ஜி3, ராஜா ஜி2 என்று இரண்டு நகர்வில் ராஜா பத்திரமான இடத்துக்கு வந்துவிடும். எச்1 யானைக்கும் ஈ1 வழி திறந்திருக்கும். செலவு இரண்டு நகர்வு என்பதால் பதறத் தேவையில்லை. அந்த இரண்டு நகர்வுக்குள் சென்டர் திறக்காது என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

அறிகுறி 7: கேஸ்லிங் ஆனது, ராஜா பத்திரம், ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை

முதலில் சொன்ன கேள்வியை விட்டுவிட்டீர்கள். குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச் இதற்கு நல்ல பயிற்சி: 1.டி4 டி5 2.சி4 ஈ6 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.சி×டி5 ஈ×டி5 5.பிஷப் ஜி5 பிஷப் ஈ7 6.ஈ3 சி6 7.பிஷப் டி3 குதிரை பி-டி7 8.ராணி சி2 0-0. இங்கே வெள்ளைக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. பி4-பி5 தள்ளி சி6-ஐ உடைக்க விரும்பினால் 0-0 செய்து யானையை பி1-க்குக் கொண்டுவர வேண்டும். ஜி4, எச்4 தள்ள விரும்பினால் 0-0-0. 0-0-0 செய்துவிட்டு பி சிப்பாயைத் தள்ளுவதும், 0-0 செய்துவிட்டு ஜி4 தள்ளுவதும்தான் ஆட்டத்தைக் கெடுப்பவை. தள்ளப்போகும் சிப்பாயை முதலில் விரலால் காட்டிவிட்டு (மனதுக்குள்தான், பலகையில் அல்ல) ராஜாவை அதற்கு எதிர்ப்பக்கம் அனுப்புங்கள்.

அறிகுறி 8: சரியான பக்கம்தான், ஆனால் நடுவர் வந்துவிட்டார்

யானை தாக்கப்பட்டிருந்தாலும் கேஸ்லிங் செல்லும். 0-0-0-வில் பி1 கட்டத்தை எதிராளி காய் பார்த்தாலும் செல்லும், ஏனென்றால் ராஜா அதன் வழியே போவதில்லை. ராஜா செக்கில் இருக்கக் கூடாது, கடக்கும் கட்டமும் சேரும் கட்டமும் தாக்கப்படக் கூடாது, அவ்வளவே. கிராண்ட்மாஸ்டர்களுக்கும் இதில் குழப்பம் வந்திருக்கிறது. 1960-இல் அடிலெய்டில் பர்டி 0-0-0 செய்தபோது, யானை தாக்கப்பட்ட கட்டத்தைக் கடக்கிறது என்று எதிராளியான ஆவர்பாக் ஆட்சேபித்தார். 1974-இல் கார்ப்போவுக்கு எதிராக ஆடிய கோர்ச்னாய், யானை தாக்கப்பட்டிருக்கும்போது செய்யலாமா என்று நடுவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நகர்த்தினார்.

தொடும் வரிசை முக்கியம்: முதலில் ராஜா, பிறகு யானை. யானையை முதலில் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. ராஜாவைத் தொட்டு, பிறகு யானையைத் தொட்டு, அந்தப் பக்கம் செல்லாது என்று தெரியவந்தால் ராஜாவால் வேறு ஏதாவது செல்லுபடியாகும் நகர்வு ஆட வேண்டும். மறுபக்கக் கேஸ்லிங் செல்லுமானால் அதையும் ஆடலாம். எல்லாவற்றையும் ஒரே கையால் செய்யுங்கள். இரண்டு கையாலும் நகர்த்தி கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறிய நகர்வாகக் கருதப்படும். நீண்ட நேர ஆட்டத்தில் முதல் முறைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.